மோட்டார்ஹோமில் ஏறிய வீட்டு ஃபிரிட்ஜ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸுக்குப் பக்கத்து ஊரான சாண்ட்லரில் வசிக்கும் ஒரு தமிழ்த் தம்பதியின் அனுபவம் இது. கணவருக்கு 62 வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 58; சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். 2021 கடைசியில் ஒரு மோட்டார்ஹோமை செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். 2006ஆம் வருட மாடல், 29 அடி நீளம். படுக்கை, அடுப்பு, குளியலறை, மேற்கூரையில் ஒரு ஏசி, பின்னால் ஒரு ஜெனரேட்டர், எல்லாம் உண்டு. குடும்ப நண்பர் என்ற முறையில்தான் நான் இதற்குள் வந்தேன். மின் பொறியாளன், ஆர்.வி. (இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்கு அங்கே உள்ள பொதுப் பெயர்) மெக்கானிக் அல்ல.

வண்டியோடு வந்த ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற அப்சார்ப்ஷன் வகை. நெருப்பு மூட்டிக் குளிர் உண்டாக்கும் விநோதம் அது. சின்னச் சுடர் ஒன்று அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கம்ப்ரசர் கிடையாது, சத்தம் கிடையாது. பேட்டரியிலிருந்து கன்ட்ரோல் போர்டுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும். கேம்ப்கிரவுண்டில், அதாவது வண்டிகள் தங்கும் முகாமில், வண்டியைக் கரண்டில் செருகிவிட்டால் கேஸை விட்டுவிட்டு மின்சார ஹீட்டரில் ஓடும். கரண்ட் இல்லாத காட்டில் பத்து நாள் இருந்தாலும் கேஸ் சிலிண்டர் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வண்டி ஓரளவு சமமாக நிற்க வேண்டும். கடும் வெயிலில் திணறும். 2022 ஜூனில் வெளியே 43 டிகிரி இருந்த ஒரு மதியம், ஃபிரிட்ஜுக்குள் 11 டிகிரி. உணவுக்கு 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. இன்சுலினுக்கு 2 முதல் 8 வரை. கணவர் கதவு ரப்பரைச் சோதித்தார், பின்பக்கம் காற்றாடி வைத்துப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து வெளிப்புறக் கதவைத் திறந்தால் குழாய் மூட்டில் மஞ்சள் பொடி, கூடவே மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்கும் சோடியம் குரோமேட்தான் அந்த மஞ்சள். நச்சுப் பொருள், கையால் துடைக்கும் சமாச்சாரம் அல்ல. அது வெளியே தெரிந்தால் குளிர்விக்கும் பகுதியின் கதை முடிந்தது என்று பொருள்.

முதல் தீர்மானம்: வீட்டு ஃபிரிட்ஜ்

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன: அதே வகையில் புதியது, 12 வோல்ட் கம்ப்ரசரில் ஓடும் ஆர்.வி. ஃபிரிட்ஜ், அல்லது கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு ஃபிரிட்ஜ். முதல் இரண்டின் விலையையும் பார்த்துவிட்டு மூன்றாவதுக்கு வந்தார். 10 கன அடி, 24 அங்குல அகலம், மேலே ஃப்ரீசர், தானாக ஐஸ் உருக்கும் வகை. வண்டியின் கதவு வழியாக, கைப்பிடியைக் கழற்றியபின், ஒரு விரல் இடைவெளியில் நுழைந்தது.

கரண்டுக்கு அவர் போட்ட கணக்கு இது. ஃபிரிட்ஜில் மின்செலவைச் சொல்லும் மஞ்சள் லேபிளில் வருடத்துக்கு 300 யூனிட். 365 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 0.82 யூனிட். வண்டியில் 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று தெரிந்தவர். பாதி என்றாலும் 1.2 யூனிட் வருகிறது. கூரையில் 200 வாட் சோலார் வேறு. ஒன்றரை நாள் தாங்கும், தாங்கினால் போதும்.

“லேபிள்லயே போட்டிருக்கானே தம்பி, அப்புறம் என்ன?” என்றார் என்னிடம். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை.

120 வோல்ட் தருவதற்கு 2000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றை மலிவாக வாங்கினார். மாடிஃபைடு சைன் வேவ் வகை, அதாவது வீட்டுக் கரண்டின் வழவழப்பான அலைக்குப் பதில் படிக்கட்டு மாதிரியான அலை தருவது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்ற நம்பிக்கை. பழைய ஃபிரிட்ஜுக்காக வண்டிச் சுவரிலும் கூரையிலும் இருந்த காற்றுத் திறப்புகளை அடைத்தார். புது ஃபிரிட்ஜின் இரண்டு பக்கமும் இருந்த இடைவெளியில் தெர்மாகோல் பலகையைச் செருகினார். குளிர் வெளியே போகாது, ஆட்டமும் இருக்காது.

ஆகஸ்ட் 2022: ஃபிளாக்ஸ்டாப் பயணம்

வெயிலுக்குத் தப்பிக்க பீனிக்ஸ்காரர்கள் ஓடும் ஊர் ஃபிளாக்ஸ்டாப். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். 17ஆம் நெடுஞ்சாலை பாலைவனத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறும். மூன்றாவதோ நான்காவதோ வளைவில் பின்னால் ஏதோ விழும் சத்தம். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடக்கிறது. இட்லி மாவு டப்பா தரையில் கவிழ்ந்து, மாவு மேசைக் காலைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டு வரை போயிருந்தது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். ஏற்கெனவே புளித்துப் பொங்கிக்கொண்டிருந்த மாவு மூடியை முன்பே கிளப்பிவிட்டிருக்க வேண்டும். ஆர்.வி. ஃபிரிட்ஜ் கதவில் கொண்டி இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் கதவை மூடி வைப்பது ஒரு காந்தப் பட்டை மட்டுமே. சமையலறையில் நிற்கிற பெட்டிக்கு அது போதும்.

அன்று இரவு ஊருக்கு வெளியே, தேசிய வனப் பகுதியில், கரண்ட் இணைப்பில்லாத இடத்தில் நிறுத்தினார்கள். அரிசோனாவில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழைக் காலம். மதியம் ஆனால் மேகம் கூடிவிடும். அன்றைக்கும் அப்படித்தான். சோலார் பெயருக்குத்தான் வேலை செய்தது.

இரவு இரண்டு மணி வாக்கில் விடாமல் ஒரு பீப் சத்தம். கேஸ் கசிவு அலாரமோ என்று பயந்து எழுந்தவர், சத்தம் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது என்று கண்டதும் நிம்மதியாகி அதன் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தார். காலை ஏழு மணிக்கு ஃபிரிட்ஜுக்குள் 9 டிகிரி. மின்சாரம் போனால் கதவு திறக்காத ஃபிரிட்ஜில் உணவு நான்கு மணி நேரம் பத்திரம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. இங்கே ஐந்து மணி நேரம். பாலையும் மிச்சக் குழம்பையும் கொட்டினார்கள். இன்சுலின் விஷயத்தை மருந்துக் கடையில் கேட்டார்கள். அந்த இன்சுலின் ஊசிப் பேனாக்களை இனி அறை வெப்பத்தில் வைத்தவையாகவே கணக்கிட்டு, 28 நாளுக்குள் தீர்த்துவிடச் சொன்னார்கள்.

ஜெனரேட்டரை ஓட்டி மூன்று நாளை ஒப்பேற்றிவிட்டுத் திரும்பினார்கள். தினம் நாலைந்து மணி நேரம் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு காட்டில் உட்கார்ந்திருப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று அம்மையார் சொன்னது நியாயமான பேச்சு.

அளந்து பார்த்ததில் தெரிந்தவை

செப்டம்பர் முதல் வாரம் வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. பிளக்கில் செருகும் வாட் மீட்டர், வயரைக் கவ்விப் பிடித்து டிசி கரண்டை அளக்கிற டாங் டெஸ்டர், இரண்டு தெர்மாமீட்டர் எடுத்துக்கொண்டு போனேன். வண்டிக்குள் வெப்பம் 34 டிகிரி.

முதலில் இன்வெர்ட்டரை விட்டுவிட்டு, வீட்டுக் கரண்டில் ஃபிரிட்ஜை நேரடியாக 24 மணி நேரம் ஓட்டினோம். 1.29 யூனிட். லேபிள் சொன்னது 0.82. அமெரிக்க லேபிள் சோதனை 32 டிகிரி அறையில் நடப்பது, எனவே வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. கம்ப்ரசர் நூற்றுக்கு 57 பங்கு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன்?

ஃபிரிட்ஜின் பக்கச் சுவரில் கை வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. தெர்மாகோலுக்கும் தகட்டுக்கும் நடுவே விரலை நுழைத்தால் சுடுகிறது. பழைய காலத்து ஃபிரிட்ஜில் பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரியும். இப்போதுள்ள பலவற்றில் வெப்பம் வெளியேற்றும் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை ஃபிரிட்ஜ் கொட்டுகிற இடம் அந்தச் சுவர்தான். அவர் அதற்குப் போர்வை போர்த்தியிருந்தார். தெர்மாகோலை உருவி, பக்கத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் இடம் விட்டு, மேலே சூடான காற்று அறைக்குள் வர ஒரு சிறிய 12 வோல்ட் காற்றாடி வைத்தோம். மறுநாள் அதே வெயிலில் 0.97 யூனிட். ஒரு பலகையை எடுத்ததில் கால்வாசிச் செலவு குறைந்தது.

அடுத்தது இன்வெர்ட்டர். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு, இன்வெர்ட்டரை மட்டும் ஆன் செய்து பேட்டரி வயரில் டாங் டெஸ்டரை மாட்டினேன். 1.9 ஆம்பியர். அதாவது ஒன்றுமே ஓடாதபோது சுமார் 24 வாட். 24 மணி நேரமும் விழித்திருந்தால் அது மட்டும் அரை யூனிட்டைத் தாண்டும். ஃபிரிட்ஜுக்குக் கணக்குப் போட்டவர் இன்வெர்ட்டரின் சாப்பாட்டுக்குப் போடவில்லை. அது சாப்பிடும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பெரிய இன்வெர்ட்டர் பெரிய வயிறு.

கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரியிலிருந்து 10.8 ஆம்பியர் போனது, சுமார் 134 வாட். அதே கம்ப்ரசர் வீட்டுக் கரண்டில் 88 வாட்டில் ஓடியது. படிக்கட்டு மாதிரியான அந்த மாடிஃபைடு அலையை மோட்டார் விரும்பாது; உறுமும், சூடாகும், கூடுதலாக இழுக்கும். ஐஸ் உருக்கும் ஹீட்டர் வந்த இருபது நிமிடம் டாங் டெஸ்டரில் 24 ஆம்பியர். நள்ளிரவில் அது வந்தால் பேட்டரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஃபிளாக்ஸ்டாப் போனபோது இருந்த நிலைமைக்கு எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நாளைக்குப் பேட்டரியிலிருந்து சுமார் 2.2 யூனிட், 175 ஆம்பியர்-அவர். கையில் இருந்தது 100. அதுவும் பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால். வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் மெல்லிய வயர் வழியாகப் பின்னால் அனுப்பிய சார்ஜ் முழுசாக நிரப்பும் வகையும் அல்ல. போதாததற்கு, அந்த இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டில்தான் தன்னை நிறுத்தும். லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருக்கையில் 12.1 வோல்ட் காட்டினாலே பாதி காலி. அந்தப் பயணத்தில் பேட்டரிகள் அடிமட்டம் வரை போய்வந்து பாதி உயிரை விட்டிருந்தன.

இன்னொன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ. பழைய ஃபிரிட்ஜுக்கு வந்த செம்பு கேஸ் குழாயை அவர் மடித்து நசுக்கி மேலே டேப் சுற்றியிருந்தார். அதே லைனில்தான் அடுப்பும் ஹீட்டரும் ஓடுகின்றன. இரண்டு மாதமாக அந்த டேப்பை நம்பிப் படுத்திருந்தார்கள். பார்த்த உடனே சிலிண்டர் வால்வை மூடச் சொன்னேன். மறுநாள் உரிமம் உள்ள கேஸ் மெக்கானிக் வந்து நசுங்கிய பகுதியை வெட்டி, முறையான பித்தளை மூடி போட்டு, அழுத்தம் வைத்துச் சோதித்துக் கொடுத்தார். மற்ற எல்லாத் தவறுக்கும் விலை பால், மாவு, பேட்டரி. இதற்கு அப்படியில்லை.

இரண்டாம் தீர்மானம், அதன் காரணங்கள்

வீட்டு ஃபிரிட்ஜைத் திருப்பிவிட்டு 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்று பேசினோம். என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை: இதுவரை எதையும் வாங்காதவர், கரண்ட் இல்லாத இடங்களில் தங்குகிறவர் என்றால் 12 வோல்ட்டே சரி. நடுவில் இன்வெர்ட்டர் என்ற தரகர் இல்லை. எப்போதும் கேம்ப்கிரவுண்ட் கரண்டில் இருப்பவருக்கு வீட்டு ஃபிரிட்ஜ் எந்தத் தொந்தரவும் தராது. இவர்கள் இரண்டுக்கும் நடுவில். மாதத்தில் நாலைந்து இரவுதான் காட்டில். பேட்டரி எப்படியும் மாற்றியாக வேண்டும். வாங்கிய ஃபிரிட்ஜும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே அதை வைத்துக்கொண்டு சுற்றியுள்ளவற்றை மாற்றுவது என்று முடிவானது.

புதிய இன்வெர்ட்டர் 1000 வாட், சுத்தமான சைன் வேவ், ஃபிரிட்ஜுக்கு மட்டும். சும்மா இருக்கும்போது அது எடுப்பது 0.7 ஆம்பியர். கம்ப்ரசர் கிளம்பும் ஒரு நொடியில் வழக்கமான சுமையைப் போலப் பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்க 1000 வாட் போதுமா என்பதுதான் அவருடைய கவலை. கிளம்பும்போது டாங் டெஸ்டரை உச்சம் பிடிக்கும் நிலையில் வைத்துக் காட்டியபின் ஒப்புக்கொண்டார். சுமை இல்லாதபோது தூங்கிவிடும் வசதியும் அதில் உண்டு. ஆனால் ஃபிரிட்ஜின் மின்னணு போர்டு எடுக்கும் சொற்பக் கரண்டுக்கு அது விழிக்கவில்லை. எனவே அந்த வசதியை அணைத்து வைத்தோம்.

பேட்டரி, 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் இரண்டு. மொத்தம் 2.56 யூனிட், அதில் இரண்டு யூனிட்டைத் தாராளமாக எடுக்கலாம். உறைநிலைக்குக் கீழே அவற்றைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் வெளிப்பெட்டியிலிருந்து எடுத்து, வண்டிக்குள் இருக்கைக்கு அடியில் வைத்தோம். இன்வெர்ட்டர் அங்கிருந்து ஒரு மீட்டருக்குள். நடுவில் தடித்த கேபிளும் ஃப்யூஸும். ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே 40 ஆம்பியர் டிசி சார்ஜர் ஒன்று. இது இல்லாமல் லித்தியத்தை நேரே கோத்தால் அது ஆல்டர்னேட்டரைக் கருக்கும் அளவுக்கு இழுக்கக்கூடும். வண்டியின் பழைய சார்ஜரையும் லித்தியத்துக்கு ஏற்றதாக மாற்றினோம். சோலார் 400 வாட் ஆனது. கதவுக்குக் கொண்டி, ஃபிரிட்ஜின் அடியில் தரையோடு இரும்புப் பட்டை. பக்கத் தகட்டில் ஒரு ஸ்க்ரூகூடப் போடவில்லை. உள்ளே குழாய் எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

அத்தனையும் முடிந்தபின் அதே வாசலில் மறுபடி 24 மணி நேரம். பேட்டரியிலிருந்து 1.2 யூனிட். முன்பு 2.2.

செலவு? ஃபிரிட்ஜில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது.

ஜனவரி 2023: குவார்ட்ஸைட்

மேற்கு அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர். குளிர்காலத்தில் மோட்டார்ஹோம்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து பாலைவனத்தில் கூடுவார்கள். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதிக்கும் இடங்கள் அங்கே உண்டு. கரண்ட் இணைப்பு கிடையாது. தம்பதி ஆறு இரவு தங்கினார்கள். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து காலை, மாலை இரண்டு வேளையும் எழுதச் சொல்லியிருந்தேன்.

பேட்டரி கணக்கு சரியாகவே போனது. காலை ஏழு மணிக்கு 55 முதல் 62 சதவீதம். வெயில் அடித்த நாட்களில் மாலைக்குள் 95க்கு மேல். நான்காம் நாள் மேகமூட்டம், ஜெனரேட்டர் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான்.

தப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாம் நாள் காலை ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டுகள் அழுத்தினால் அமுங்கின. ஃப்ரீசரில் வைத்த தெர்மாமீட்டர் மைனஸ் 5. இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கியதால் வண்டிக்குள் 7 டிகிரி. மேலே ஃப்ரீசர் உள்ள சாதாரண ஃபிரிட்ஜில் கம்ப்ரசரை ஓடச் சொல்வது கீழறையில் இருக்கும் உணர்கருவி. சுற்றிலும் குளிராக இருந்தால் கீழறை சூடாவதில்லை, கம்ப்ரசர் கிளம்புவதில்லை, ஃப்ரீசர் மெல்ல இளகும். சுற்றுப்புறம் சுமார் 13 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. வெயிலைப் பற்றி நாள் கணக்கில் பேசிய நாங்கள் இருவருமே அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அவர் என்ன செய்தார்? ஃப்ரீசர் இளகுகிறதே என்று குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டார். அன்று பகலில் வண்டிக்குள் 24 டிகிரி. கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, ஃப்ரீசரிலிருந்து கீழே வரும் குளிர்காற்று மேல்தட்டில் நேராக இறங்கியது. அங்கேதான் இன்சுலின் பெட்டி. மாலையில் எடுத்தால் இரண்டு பேனாக்களில் மருந்து உறைந்திருந்தது. உறைந்த இன்சுலினை மறுபடி உருக்கிப் போடக் கூடாது, தூக்கிப்போட வேண்டியதுதான். போட்டுக்கொண்டிருந்த பேனா வெளியே கைப்பையில் இருந்ததால் அம்மையாருக்கு வேளை தவறவில்லை.

மீதி இரவுகளில் ஹீட்டரை 14 டிகிரியில் வைத்தார்கள். கேஸ் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது.

பின்னர் மாற்றியவை, மாற்ற விரும்புபவை

இன்சுலின் இப்போது நடுத்தட்டில், மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவில். டப்பாவுக்குள் 2க்குக் கீழேயோ 8க்கு மேலேயோ போனால் கத்துகிற தெர்மாமீட்டர். அந்தச் சத்தம் கேட்டால் அணைத்துவிட்டுப் படுக்கக் கூடாது என்பது அம்மையார் போட்ட சட்டம். இன்வெர்ட்டரின் பீப்புக்கும் அதே சட்டம்.

மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால் என் வரிசையே வேறு. ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கராஜில் வைத்து இரண்டு நாள் வாட் மீட்டரில் ஓட்டியிருப்பேன். இன்வெர்ட்டரை வாங்கும்போது எத்தனை வாட் தரும் என்பதோடு சும்மா இருக்கையில் எவ்வளவு எடுக்கும் என்றும் கேட்டிருப்பேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அது இருக்காது, உள்ளே தாளில் இருக்கும். கேஸ் குழாய்க்கு ஆள் வந்து போகும் வரை வண்டியில் யாரையும் தூங்க விட்டிருக்க மாட்டேன். லேபிளைப் பார்த்துத் தலையாட்டியதற்கும் என் பங்குப் பழி உண்டு.

தீராத ஒன்று பாக்கி. ஜூலையில் பீனிக்ஸ் வெயிலில் மூடிய வண்டிக்குள் 45 டிகிரி வரை போகிறது. ஏசி இல்லாமல் ஃபிரிட்ஜ் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று இன்னும் அளக்கவில்லை. கூரையில் மூன்றாவது பேனலுக்கு இடமும் இல்லை. இந்தக் கோடையில் நோட்டையும் டாங் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு மறுபடி வாசலில் உட்காருவதாக இருக்கிறோம். மாவு டப்பாவுக்கு மட்டும் திருகு மூடி போட்டதை அம்மையார் அப்போதே வாங்கிவிட்டார்.